மதகடியில் மிஸ் அடிக்கும் கார்

"பாய், நீங்கள்லாம் மெக்கானிக்குன்னு வெளியில சொல்லிக்காதீங்க!"

மிராசுதார் பஞ்சநாதனின் மனைவி சௌந்தரநாயகி தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

பழைய லேண்ட்மாஸ்டர் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த அப்துல் மஜீதுக்குக் காது சுட்டது. நாகப்பட்டினம் வட்டாரத்தில் அவர் கை வைத்தால் செத்த வண்டியும் எழுந்து ஓடும் என்று பேர். அந்தப் பேரைத்தான் இந்த ஒரு கார் தின்றுகொண்டிருந்தது.

ஊரைத் தாண்டி வாய்க்கால் மதகு வந்ததும் எஞ்சின் விட்டுவிட்டு விக்கி மிஸ் அடிக்கும். அப்புறம் சைலன்சரில் வேட்டு போட்ட மாதிரி 'டமார்'. மஜீது பிளக்கை மாற்றினார். பாயிண்ட்டைத் தேய்த்தார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். நாகூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மிராசுதார் வீட்டுக்கு வந்தால் மறுநாளே பழைய பல்லவி.

"கூலியை ஏத்துன்னு அறுவடையை நிறுத்திட்டு உக்காந்திருக்கானுங்க," என்றார் பஞ்சநாதன். "புது ஆட்சி வந்ததிலேருந்தே வாய் நீண்டுபோச்சு. தூண்டிவிடற சங்கத்து ஆளுங்களை அமுக்கலாம்னு போனா, இந்தச் சனியன் வெடிக்கிற சத்தத்துலயே வரப்பேறி ஓடிடறானுங்க. கெடைச்சா ஒருத்தனுக்கும் கை கால் மிஞ்சாது பாய். நீ வண்டியை மட்டும் சரி பண்ணிக் குடு."

யார் ஓடினால் என்ன, யார் நின்றால் என்ன? மஜீதுக்கு அந்த மிஸ் பிடிபட வேண்டும். சோறு இறங்கவில்லை. படுத்தால் காதுக்குள் எஞ்சின்தான் விக்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு நானும் கூட வர்றேங்க," என்றார்.

பொழுது சாயக் கிளம்பினார்கள். பின் சீட்டில் மிராசுதாரும் தடியாட்களும். முன்னால் டிரைவர் அய்யாக்கண்ணு. பக்கத்தில் மஜீது.

மதகு தெரிந்தது. எஞ்சின் விக்கியது. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மஜீது, தற்செயலாகக் கண்ணைத் திருப்பினார்.

அய்யாக்கண்ணுவின் இடது கை சாவியைத் திருப்பி ஓடுகிற எஞ்சினை அணைத்தது. போட்டது. மறுபடி அணைத்துப் போட்டது.

டமார்!

அய்யாக்கண்ணு அவரைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

மதகைத் தாண்டியிருந்த கூலியாட்களின் குடிசைத் தெருவில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆம்பளை என்று ஒருத்தன் இல்லை.

வீட்டு வாசலில் இறங்கியதும் பஞ்சநாதன் கேட்டார். "என்ன பாய், பிடிபட்டுதா?"

மஜீதுக்குப் பதில் நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் போன பேர் திரும்பும். அய்யாக்கண்ணு உயிரோடு வீடு திரும்புவானா என்பது சந்தேகம்.

"இல்லீங்க. எனக்குப் புரிபடலீங்க."

சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"நான்தான் அப்பவே சொன்னேனே!" சௌந்தரநாயகி ஆரம்பித்துவிட்டாள். "ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத ஆளையெல்லாம் கூப்பிட்டு வச்சுக்கிட்டு..."

மஜீது விறுவிறுவென்று வெளியே நடந்தார். அய்யாக்கண்ணு பின்னாலேயே ஓடி வந்தான்.

"பாய், என்னால உங்களுக்குக் கெட்ட பேரு."

"உன்னை விடுப்பா. நீ செஞ்சது நல்ல காரியம். அந்தம்மா வாய் இருக்கே, தேள் கொடுக்கு! அந்த ஜனங்க தப்பிச்சுப் போறதுல அதுக்கு என்னா வயித்தெரிச்சல்!"

அய்யாக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அப்படிச் சொல்லாதீங்க பாய். உங்களைத் திட்டினாத்தான் அய்யாவுக்கு அவங்க மேல சந்தேகம் வராதாம். மதகுகிட்ட வண்டியை வெடிக்க விடுடான்னு என்னைக் கூப்பிட்டுச் சொன்னதே அம்மாதான்!"