சோத்தாங்கைப் பக்கம் மலை

பௌர்ணமிக் கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமாகப் போக, சடையன் மட்டும் எதிர்ப்பக்கமாக வந்துகொண்டிருந்தான். வருகிற பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்தான். ஒருத்தி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.

"மலைய எதிர சுத்தக் கூடாதுப்பா, பாவம் புடிக்கும்," என்றாள் இன்னொரு அம்மா. அவன் காதில் வாங்கவில்லை.

வருண லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் லத்தியைக் குறுக்கே நீட்டினார். "யோவ், நில்லு. பொம்பளைங்க மூஞ்சியாவே பாத்துனு வர்றியே, இன்னா சமாசாரம்?"

"என் சம்சாரத்தத் தேடறேன் சார்."

"சண்ட போட்டுனு போயிடுச்சா?"

"இல்ல சார். வூட்டுக்கு வந்துனு கீது."

"வூட்ட உட்டுப் போனவங்களத் தேடுவாங்க. வூட்டுக்கு வர்றவங்கள எவன்யா தேடுவான்? ஊது, பாக்கலாம்."

சடையன் ஊதினான். வெறும் மூச்சுதான் வந்தது. பிறகு செல்போனில் இருந்த படத்தைக் காட்டினான். "பேரு உண்ணாமலை சார். நாப்பத்தேழு வயசுதான் ஆவுது. மறதி நோவு. கெழவன் கெழவிக்கு வர்றது, இதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. வேலூர்ல காட்டினேன். மாத்திரையில கொஞ்சம் தள்ளிப் போடலாம், திருப்ப முடியாதுன்னுட்டாங்க."

லத்தி இறங்கியது. "அப்பிடிப்பட்டவங்கள தனியா உடலாமாய்யா?"

பூட்டி வைத்துப் பார்த்தவன்தான் அவன். கால் ஓரிடத்தில் நிற்காத நோய் அது. கதவைத் தட்டித் தட்டி அவள் கை வீங்கிப் போனது. வேங்கிக்காலில் குடியிருந்தபோது மூன்று தரம் தொலைந்தாள். நாலாபக்கமும் தெரு பிரிகிற இடத்தில் எந்தப் பக்கம் என்று தேடுவது?

அப்புறம்தான் அந்த யோசனை வந்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்திலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தான். இந்த ரோடு வட்டம். விடாமல் நடந்தால் கிளம்பின இடத்துக்கே வந்து சேர வேண்டியதுதான்.

"மலைய சோத்தாங்கைப் பக்கம் வச்சினு நட. எங்கியும் திரும்பாத. நான் வாசல்ல நிப்பேன். நான் நிக்கிற வூடுதான் நம்ம வூடு." ஒரு மாதம் கூடவே நடந்து இதைச் சொல்லிக் கொடுத்தான்.

சோறு தின்றதை மறந்தாள். பெற்ற மகளின் பேரை மறந்தாள். இது மட்டும் அவளுக்குள் தங்கிவிட்டது. மத்தியானம் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து நிற்பாள். "வந்துட்டேன் பாத்தியாய்யா!" என்று பரீட்சையில் பாஸானவள் மாதிரி சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் அவன் விடியலிலேயே போய் மூட்டை தூக்கிவிட்டு, மத்தியானத்துக்குள் வீடு திரும்பிக்கொண்டிருந்தான்.

இன்றைக்கும் நல்லபடியாகத்தான் இருந்தாள். அவன் வடித்து வைத்த சோற்றை அவளே பரிமாறி, "கூச்சப்படாம சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க," என்றாள். இருபத்தாறு வருஷமாக "துன்னுய்யா" என்று தட்டைத் தள்ளியவள். "இன்னாடி, இன்னிக்கி மரியாத ஜாஸ்தியா கீது?" என்று அவனும் கேலி பண்ணிச் சிரித்தான்.

விளக்கு வைத்து ஒரு மணி நேரமாகியும் ஆள் வரவில்லை. எதிரே போனால் எப்படியும் தட்டுப்படுவாள் என்றுதான் புறப்பட்டு வந்தான்.

"அதோ, பச்சப் பொடவ கட்டினு ஒண்ணு வருதே, அதுவா பாரு," என்றார் போலீஸ்காரர்.

அவள்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மலையை மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அது சரியாக அவள் வலது கைப் பக்கம் இருந்தது.

சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டென்று ஒரு கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் போய் நின்றான்.

"இன்னாய்யா ஒளியிற? போய் இட்டுனு போ."

"வேணாம் சார். வாசல்ல நிப்பேன்னு சொல்லிக்கீறேன். வழியிலயே புடிச்சிட்டா, தானா வந்து சேந்தோம்ன்ற சந்தோசம் அதுக்கு இல்லாம போயிடும். அது ஒண்ணுதான் சார் மிச்சம் கீது."

போலீஸ்காரர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "சரி, நீ ஓடு. அந்த வளைவு வரைக்கும் நான் பின்னாடியே வர்றேன்."

சடையன் ஓடினான். மூட்டை தூக்கித் தேய்ந்த முட்டி இரண்டும் விண்ணென்று தெறித்தன. வீட்டுக்கு வந்து வாசல் லைட்டைப் போட்டான். குழாயில் முகம் கழுவினான். தலையைக் கையாலேயே கோதிக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

கூட்டத்தில் பச்சைப் புடவை தெரிந்தது. அவனைப் பார்த்ததும் நின்றது. ரோட்டை விட்டிறங்கி நேராக அவனிடமே வந்தது. உண்ணாமலையின் முகம் முழுக்கச் சிரிப்பு.

கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினாள். உள்ளே ஓடிச் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தான். அண்ணாந்து மடமடவென்று குடித்தாள்.

"கால் எப்பிடி வீங்கிக் கெடக்குது பாரு. வா, உள்ள வந்து உக்காரு," என்று கையை நீட்டினான்.

சொம்பை அந்தக் கையில் வைத்துவிட்டு அவள் திரும்பினாள். மலை வலது கைப் பக்கம்தான் இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"நேரமாச்சிண்ணே, எங்க வூட்டுக்காரு வாசல்லியே நின்னுனு இருப்பாரு."