நாலாவது திரை

ரயில் நிலையத்து டிக்கெட் மிஷின் முன்னால் ஒரு அம்மாள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் கணக்கு வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

"தள்ளுங்கம்மா, இதெல்லாம் ஒரு வேலையா? நானே எடுத்துத் தரேன்."

அவள் ஒதுங்கினாள்.

முதல் மூன்று திரைகளிலும் 'சரி' வலது ஓரத்தில் இருந்தது. வாத்தியார் டக்டக்கென்று அழுத்தினார். நாலாவது திரையில் அதே ஓரத்தில் 'ரத்து' இருந்தது. பழக்க தோஷத்தில் அதையும் அழுத்தினார். மிஷின் நன்றி சொல்லிவிட்டு முதல் திரைக்கே திரும்பிப் போனது.

இரண்டாவது முறையும் அதே கதை. மூன்றாவது முறை 'ரத்து' என்ற எழுத்து கண்ணில் படுவதற்குள் ரயிலே கிளம்பிவிட்டது.

"எந்த மடையன் இதைச் செஞ்சான்? 'சரி' இருந்த இடத்துல 'ரத்து'வைக் கொண்டுவந்து வெச்சிருக்கானே, மூளையைக் கழட்டி வெச்சிட்டா வேலைக்கு வந்தான்?"

அந்த அம்மாள் அவசரமாகப் போனை எடுத்து அவர் வாயருகே நீட்டினாள்.

"சார், இதையே இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பதிவு பண்ணிக்கிறேன்."

"புகார் கொடுக்கப் போறீங்களா?"

"இல்ல சார், வீட்டுக்கு. இதைச் செஞ்சதே என் வீட்டுக்காரர்தான். 'ஊர்ல எல்லாரும் எடுக்கிறாங்க, உனக்கு மட்டும்தான் வரலை'ன்னு ஒரு மாசமா கேலி பண்றார். இதுவரைக்கும் பதினாறு பேர் அவரைத் திட்டினதைப் பதிவு பண்ணிட்டேன். ஆனா, 'மடையன்'னு உங்களை மாதிரி வாய் நிறைய யாரும் சொல்லலை!"