துளை போடும் கூட்டாளி

சிவரூபி கோர்த்த மட்டிச் சிப்பி மாலையை அண்ணன் கிருஷாந்தன் மேசையில் எறிந்தான்.

"எல்லா மட்டியிலயும் வடிவான துளை. வீட்டில துளைக்கிற மெசின் இல்லை. எவன் போட்டுத் தாறான்?"

"ஒரு கூட்டாளி."

"பேர்?"

"தெரியாது. உப்புவெளிக் கரையிலதான் இருப்பிடம். என்னோட ஒருநாளும் கதைச்சதில்லை."

"குடிகாரனோ?"

"எந்த நேரமும் தண்ணியிலதான்."

குசினிக்குள் அம்மா தலையில் கைவைத்தாள். அண்ணன் விடவில்லை.

"ஆளைக் காட்டு. இல்லாட்டி இனி நீ கரைப்பக்கம் போகேலாது. மாலையும் வேண்டாம், வியாபாரமும் வேண்டாம்."

"காட்டுறன். காட்டினாப் பிறகு என்னை ஒருதரும் மறிக்கக் கூடாது."

"முதல்ல அவனை என்ர கையில தா!" துடுப்பைத் தூக்கிக்கொண்டு அண்ணன் பின்னால் வந்தான்.

கரையில் சிவரூபி குனிந்து ஈர மணலைக் கிளறினாள். வழவழப்பான ஒரு கடல் நத்தையை எடுத்து அவனுடைய உள்ளங்கையில் வைத்தாள். அது இன்னும் ஒரு மட்டியைக் கவ்விக்கொண்டிருந்தது.

"இந்தாங்கோ, கையில கேட்டீங்களே. நாக்கால அராவியே மட்டியைத் துளைச்சுச் சதையைத் தின்னும். ஓடு எனக்கு."

துடுப்பு மணலில் விழுந்தது.

"ஆம்பிளை இல்லையெண்டு முதலே சொல்லியிருக்கலாமே?"

"ஆம்பிளையெண்டு நான் எப்ப சொன்னனான்? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நத்தை இருந்த குழிக்கருகே மணல் ஒட்டிய வளையம் ஒன்று கிடந்தது. சிவரூபி அதைச் சுட்டிக் காட்டினாள்.

"அது இந்த நத்தை போட்ட முட்டை. இதுவும் பொம்பிளைதான் அண்ணா. தண்ணிக்குள்ள விடுங்கோ, எங்கள் ரெண்டு பேருக்கும் வேலை கிடக்கு."