ஒரு பிடி கூடுதல்

ரோசம்மா உள்ளே போய் அரை மணி நேரமாகிவிட்டது. எதிர்வரிசைக் கடையோரம் தூண் மறைவில் நின்றிருந்த உடையப்பனுக்கு வியர்த்து ஊற்றியது. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்காமல் திரும்புவதில்லை என்று பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டார்.

பதினோரு வருஷம்! அத்தனையையும் மறந்துவிட்டு ஒருத்தி இப்படிச் செய்வாளா?

கண்ணாடிக் கதவு திறந்தது. ரோசம்மா வெளியே வந்தாள், கையில் சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பை. பைக்குள் அரை முட்டைக்கோஸும் ஒரு பொட்டலம் வெண்டைக்காயும் பளிச்சென்று தெரிந்தன. பதினோரு வருஷமாக உடையப்பன் கடையைத் தவிர வேறெங்கும் ஒரு மிளகாய்கூட வாங்காதவள் அவள்.

குனோங் ராபாட்டில் அவருடையது சின்னக் காய்கறிக் கடை. ஈப்போ டவுனில் சூப்பர்மார்க்கெட் திறந்தபோது மனிதர் அசரவில்லை. விலையை சூப்பர்மார்க்கெட்காரனைவிடக் குறைத்தார். விடிவதற்குள் சந்தைக்குப் போய்ப் பனி காயாத கீரையைக் கொண்டுவந்து அடுக்கினார். கார் வைத்திருக்கிறவன் போவான், நம் ஆட்கள் போகமாட்டார்கள் என்று தெம்பாக இருந்தார்.

போனவர்கள் நம் ஆட்கள்தான். ஈயச் சுரங்கத்தை மூடியதில் ஆண்களுக்கு வேலை போன எட்டு வீடுகள், ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. மாசக் கடைசிக்குள் நிலைமை தேறாவிட்டால் கடையை வீடியோ டேப் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கொடுத்துவிடப் போவதாகக் கட்டடச் சொந்தக்காரன் சொல்லிவிட்டான். இவள் ஏன் போனாள் என்று தெரிந்தால் போதும், எட்டு வீட்டையும் திரும்ப இழுத்துவிடலாம் என்பது உடையப்பனின் கணக்கு.

"தங்கச்சி!"

ரோசம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். பை முதுகுக்குப் பின்னால் போனது.

"மறைக்காத லா, எல்லாம் பாத்துட்டேன். சொல்லு, என் கடையில வெல கூடவா?"

"இல்லண்ணே. உங்க கடையிலதான் மலிவு."

"காய் சொத்தையா இருந்துச்சா?"

"ஐயோ, அப்படிச் சொன்னா வாய் வெந்துரும்."

"அப்புறம் என்னாத்துக்கு பஸ்ஸு ஏறி இம்புட்டு தூரம் வார? எங்க, பைய காட்டு." அவரே பையை வாங்கிப் பிரித்துவிட்டார். "இந்தா, வெண்டக்கா. முனைய ஒடிச்சுப் பாத்தியா? எப்படி ஒடிப்ப, மேல பிளாஸ்டிக்க சுத்தி வச்சிருக்கான். இந்த அரை கோபிஸ நானா இருந்தா ஆட்டுக்குப் போடுவேன்!"

போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ரோசம்மா பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

உடையப்பனுக்கு ஆற்றாமை தாங்கவில்லை. சுரங்கம் மூடிய நாளிலிருந்து அந்த எட்டு வீட்டுக் கூடைகளிலும் எடைக்கு மேல் ஒரு பிடி கூடுதலாகப் போடாமல் அவர் அனுப்பியதே கிடையாது. மற்றவர்கள் 'எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை' என்று முகம் சுளிக்கக் கூடாதல்லவா? அதற்காகக் காரணத்தையும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லித்தான் போடுவார். அவரிடம் ஒளிவுமறைவு கிடையாது.

"ஈய லம்பம் மூடுனப்ப ஒங்களையெல்லாம் யாரு பாத்தா?" குரல் உயர்ந்தது. "கூட்டத்துல நீ நின்னா, 'இது புருசன் லூயிசுக்கு வேல போச்சு, நாலு புள்ளைங்க, மொதல்ல இதுக்குக் குடுத்துர்றேன்'னு எல்லாரையும் ஒதுங்கச் சொன்னது யாரு? தவக்காலத்துல நீ கவுச்சி தொடமாட்டன்னு முருங்கக்காய எடுத்து ஒளிச்சு வச்சது யாரு?"

"நீங்கதான்ணே. நான் இல்லேன்னு சொல்லல."

"அப்ப வா. நாளையிலேருந்து எனக்குக் காசே வேணாம். ஒம்புருசனுக்கு வேல கெடைக்கிற வரைக்கும் சும்மா எடுத்துக்கிட்டுப் போ. யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க, நான் சொல்லிக்கிறேன்."

ரோசம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. பக்கத்தில் நின்ற இரண்டு தமிழ்ப் பெண்கள் 'ச்சொச்சோ' என்றார்கள். ஆள் இளகிவிட்டாள், இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள் என்று உடையப்பனுக்குப் பட்டது. பாவம், அவர் நல்லெண்ணத்தோடுதான் அதையும் சொன்னார்.

"ஒம்பேரு, ஒம்புருசன் பேரு, ஒம்புள்ளைங்க எத திங்கும் எத திங்காது, அம்புட்டும் எனக்குத் தெரியும் தங்கச்சி. உள்ள கல்லாவுல ஒக்காந்திருக்கே ஒரு பொண்ணு, அதுக்கு ஒம்பேராவது தெரியுமா?"

ரோசம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் முறையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"தெரியாதுண்ணே. அதுக்குத்தான் இங்க வாரேன்."