அணைக்காத மெஷின்

பந்தை உந்தி ஆடும் பின்பால் மெஷினின் கண்ணாடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் குலுங்கிக் குலுங்கி அழுதார். பல் டாக்டரின் மனைவி கதவோரம் நின்றாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

“அந்த மாசம் பூரா வெளியூர்ல வேலை அண்ணி. சேதி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அண்ணன் முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கல.”

“விடுங்க தம்பி. அவர் எங்கே போயிட்டார்? இந்த ரூம்லதான் சுத்திக்கிட்டிருக்கார்” என்று சொல்லி, காபியை ஸ்டூல் மேல் வைத்தாள்.

அறையும் அப்படித்தான் இருந்தது. மூடிப்போன கிளப்புகளிலிருந்தும் கடலோர விளையாட்டுக் கூடங்களிலிருந்தும் டாக்டர் தேடித் தேடிக் கொண்டுவந்த மெஷின்கள், போர்வை போர்த்திச் சுவரோரம் நின்றன. நடுவில் ஒன்று மட்டும் எல்லா விளக்கும் எரிய, தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் இறந்த நாளிலிருந்து அவள் அதை அணைக்கவே இல்லை.

பகலெல்லாம் பல் பிடுங்குவார் டாக்டர். சாயங்காலம் அதே குட்டிக் கண்ணாடியையும் கொக்கியையும் மெஷினின் வயிற்றுக்குள் விட்டுத் துருவுவார். “மனுஷனுக்கு வலிச்சா கத்துவான். இதுங்க வாயே திறக்காதுங்க, நாமதான் கண்டுபிடிக்கணும்” என்பார்.

அந்தக் காலத்து மெஷின்களில் சிப் கிடையாது, திரை கிடையாது. பந்து ஓரிடத்தில் மோதினால் கம்பிச்சுருள் ஒன்று இழுக்கும், பல்சக்கரம் ஒரு பல் நகரும், எண் உருளை திரும்பும், மணி அடிக்கும். அடுத்த ஆட்டம் தொடங்கும்வரை எண் நின்ற இடத்திலேயே நிற்கும். இருவர் மாறி மாறி ஆடினால் ஆளுக்கொரு வரிசை எண்; யார் முறையோ அவர் எண் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். “இதுக்கு மூளை இல்ல, ஆனா ஞாபகம் உண்டு” என்று டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார்.

பழைய லிஃப்டிலும் இதே சாமான்கள்தான். டாக்டர் மெக்கானிக்கிடம் உதிரி கேட்டுப் போன இடத்தில் ஆரம்பித்த சிநேகம் அது. ரிப்பேர் என்றால் இருவரும் நகமும் சதையும். ஆட்டம் என்று வந்துவிட்டால் கீரியும் பாம்பும்.

“இது ஒண்ணுதான் தம்பி அவரைப் படாத பாடு படுத்துச்சு” என்றாள் அவள். “வாங்கின நாள்லேர்ந்து ஊமையாவே கிடந்துச்சு. அன்னைக்குக் காலையிலதான் உயிர் வந்துச்சு. ‘ஓடுதுடி, ஓடுது!’ன்னு போன்ல கத்தினார். நான் தங்கச்சி வீட்ல இருந்தேன். திரும்பி வந்து பார்த்தா, இதோ, நீங்க நிக்கற இடத்துல கிடக்கார்.”

மெக்கானிக் சட்டென்று இரண்டடி தள்ளி நின்றார்.

“மெஷின் மட்டும் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதுக்கப்புறம் நான் ஒரு பொத்தானைக்கூட அமுக்கல. கூட ஒருத்தர் இருந்து உடனே தூக்கிட்டு வந்திருந்தா பொழைச்சிருப்பார்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க.”

மெக்கானிக் காபியை எடுத்தார். குடிக்காமலே வைத்தார். மெஷினுக்குள் எதுவோ ‘டக்’ என்றது. அவர் தோள் தூக்கிப் போட்டது.

“அப்பப்போ அப்படித்தான் தம்பி. கூப்பிடற மாதிரி.”

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இப்படி அணைக்காமலே விட்டா சுருள் சூடேறி ஒரு நாள் வீடே பத்திக்கும். நான் ஒரு தடவை அணைச்சுட்டுப் புதுசா ஓட்டிப் பார்த்துடறேன்.”

“அவரோட கடைசி ஆட்டம் அழிஞ்சு போயிடுமே?”

“ஆட்டம்தானே போகுது? உங்களுக்கு அண்ணன் குரலே கேட்ட மாதிரி இருக்கும், பாருங்க. இதுல மூணு மணி இருக்கு. மூணாவது மணி மட்டும் லேசா தொண்டை கட்டின மாதிரி அடிக்கும். அப்படியே அவர் கூப்பிடற மாதிரியே இருக்கும்.”

அவள் கண்ணாடியில் அவர் நெற்றி பட்ட ஈரத்தைத் துணியால் துடைத்தாள். பிறகு மெஷினின் எண்கள் நிற்கும் தலைப்பலகையைக் காட்டினாள்.

“மேல் வரிசை எண் அவருது. கீழேயும் ஒரு எண் நிக்குதே, அது என்ன தம்பி? பக்கத்துல சின்னதா ஒரு விளக்கு வேற எரியுது.”

“அதுவா? அது... பழுது அண்ணி. பழைய ஒயர் இல்லையா, எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கு. புதுசா தொடங்கினா எல்லாமே பூஜ்யத்துக்கு வந்துடும்.”

சொல்லிக்கொண்டே அவர் தொடக்கப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் கோபமே இல்லை. எழுதப் பழகும் பிள்ளையின் கையைப் பிடித்து நகர்த்துவதுபோல் மெல்ல நகர்த்தி, பந்தைச் செலுத்தும் கைப்பிடியில் கொண்டுபோய் வைத்தாள். அதன் முன்னால் இரும்புப் பந்து அசையாமல் காத்திருந்தது.

“மூணாவது மணி எப்படி அடிக்கும்னு எனக்கே தெரியாது தம்பி” என்றாள்.

மெக்கானிக் கையை உருவப் பார்த்தார். அவள் விடவில்லை.

“அவர் ஆடி முடிச்சுட்டார். இப்போ உங்க முறை.”