மேசைக்குள் இரண்டு புத்தகங்கள்

நாலு கால் உண்டு, நடக்காது. வயிறு நிறையக் கதை உண்டு, சொல்லாது. அது என்ன?

சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கும் மேசைதான். அதன் வயிற்றில் ஒரு புத்தகத் தட்டு. முன்னால் தங்க எழுத்துப் போட்ட கலைக்களஞ்சியம், பின்னால் அட்டை கிழிந்த குரங்குக் கதை.

"கொஞ்சம் நகருங்க அண்ணே. யார் கண்ணிலும் படலைன்னா, என்னைப் பழைய பேப்பரோட போட்டுடுவாங்க" என்றது குரங்குக் கதை.

"விருந்தாளிங்க வர்ற இடத்துல கிழிசலா? இந்தத் தட்டையே எனக்காக அளவெடுத்துச் செஞ்சாங்கப்பா" என்றது கலைக்களஞ்சியம்.

"அளவெடுத்ததோட சரி, அப்புறம் யாரு உங்களைத் தொட்டா?" என்றது மேசை.

அப்போது சிறுமி நறுமுகை வந்து தட்டைத் துழாவினாள். கலைக்களஞ்சியம் சரிந்து அவள் காலில் விழுந்தது. அவள் பதறிப்போய் அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"பார்த்தீங்களா மரியாதையை!" என்றது அது.

நறுமுகை அதைத் தட்டில் வைத்துவிட்டு, குரங்குக் கதையை எடுத்துக்கொண்டு போனாள்.