மூன்றைத் தாண்டாத குழாய்

கீழ்வீடு வெள்ளத்தில் மூழ்கிவிட்டதால் மாடியறையில் நான்கு பேர் இருந்தோம். கட்டிலில் என் மனைவி செண்பகவல்லியும் மகள் கயலும், சன்னலோரம் மைத்துனர் துரைப்பாண்டி, குழாயடியில் நான். வீட்டில் இருப்பவர்களை எண்ணி ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றும் குழாய், நான் திரும்பி வந்த நாளிலிருந்து மூன்று செம்போடு நின்றுவிடுகிறது.

“விருந்துக்கு வந்தவரை அது எண்ணாது போல, மாப்பிள்ளை,” என்றேன்.

“என்னைய எதுக்கு அத்தான் முறைக்கீங்க? ஆளாளா மொட்டை மாடிக்கு அனுப்பிப் பாருங்க.”

வரிசையாக அனுப்பினேன். அவர்களில் யார் போனாலும் குழாயின் எண் காட்டும் கண்ணாடியில் மூன்று இரண்டானது. கடைசியாக நான் போய்விட்டு இறங்கினேன்.

“அப்பா, நீங்க போனப்ப மட்டும் மூணு மாறவே இல்ல,” என்றாள் கயல்.

செண்பகம் என்னை நேராகப் பார்த்தாள். “வெள்ளம் வந்து ரெண்டு நாளா உங்களக் காணல. படகுல வந்த அதிகாரிங்க ஆள்கணக்கு கேட்டாங்க. காணோம்னு சொன்னா ஆள் கிடைக்கிற வரைக்கும் குழாயப் பூட்டிருவாங்களாம். பிள்ளை நாக்கு வறண்டு கிடந்தா. செத்துட்டாருன்னு சொல்லிட்டேன்.”

“யாரு யோசனை?”

அவள் கண்கள் சன்னலோரம் போயின. துரைப்பாண்டி சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

‘ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள நான் உயிருடன் இருக்கிறேன்’ என்று எழுதி உறையில் இட்டேன். பசையை நனைக்க என் நாக்கில் ஈரமில்லை. செண்பகம் தன் செம்பில் விரலை நனைத்து, உறையின் ஓரத்தில் தடவி, அழுத்தி ஒட்டினாள்.

படகு வந்தது. “கொடுங்க அத்தான், நான் இறக்குதேன்,” என்று துரைப்பாண்டி கை நீட்டினார்.

கடிதத்தை வாளியில் வைத்து, கயிற்றை நானே பிடித்து இறக்கினேன்.